கலப்பைக்கிழங்கும் வள்ளிக்கிழங்கும்

மழைக்காலத்தில் வேலிகளிலும் புதர்களிலும் தீச்சுடர்போல் மலர்ந்து நிற்கும் செங்காந்தளை அறியாத குடியானவர் இல்லை. கார்த்திகைப்பூ, கண்வலிப்பூ என்பனவும் அதன் பெயர்களே. அதன் கிழங்கு இரு கிளையாக வளைந்து ஏர்போல் இருப்பது பற்றிக் கலப்பைக்கிழங்கு எனப்படும். பூவை அறிந்தோர் பலர் கிழங்கை அறியார்; அபாயம் அதில்தான் இருக்கிறது.

மழை ஓய்ந்தபின் கொடி முழுவதும் காய்ந்துபோகக் கிழங்கு மாத்திரம் மண்ணுள் தங்கும். அக்காலத்தில் வேலியோரம் தோண்டுவோர் அதனைக் காட்டுவள்ளியென்றோ, அறுவடையில் விடுபட்ட சர்க்கரைவள்ளியென்றோ எண்ணி எடுத்துச்சென்று சமைத்துவிடுகின்றனர். இவ்வாறு உண்டு மாண்டவர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு.

இக்கிழங்கிலுள்ள விஷம் கால்ச்சிசின் என்னும் வஸ்து. மரவள்ளியை நன்கு வேகவைத்தால் அதன் விஷம் பெரும்பாலும் நீங்குகிறது. அதைக் கண்டு பழகியவர்கள் இதற்கும் அவ்விதியே பொருந்துமென்று கருதுவது பெரும்பிழை. கால்ச்சிசின் கொதிநீரில் அழிவதன்று. உண்ட சில மணி நேரத்திற்குள் தொண்டை எரிந்து, ஓயாத வாந்தியும் நீராகப் பேதியும் உண்டாகும். பேதி தணிந்தவுடன் குணமாயிற்றென்று வீட்டில் இருந்துவிடலாகாது. ஓரிரு நாளில் சிறுநீரகம், இருதயம் முதலியன கெடுவதே இவ்விஷத்தின் இயல்பு. பிழைத்தவர்க்கும் சில நாட்களில் தலைமயிர் கொட்டிப்போவதுண்டு.

கொடி பசுமையாக இருக்கையில் வேறுபாடு காண்பது எளிது. கலப்பைக்கிழங்கின் இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கொம்பைப் பிடிக்கும். காட்டுவள்ளியின் இலை இருதய வடிவானது. அதன் தண்டே கொம்பைச் சுற்றிக்கொள்ளும். சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கினால் வெண்பால் கசியும். கொடியின்றித் தனியே அகப்பட்ட கிழங்கை எவ்வளவு அநுபவமுள்ளவரும் உணவாகக் கொள்ளாமலிருப்பதே தக்கது. சிறு துண்டாக முறிந்தபின் ஏரின் வடிவமும் புலப்படாது.

மூலனூர், ஒட்டன்சத்திரம் முதலிய இடங்களில் மருந்துக்குரிய விதைக்காக இதனையே பயிரிடுகின்றனர். விதைக்கிழங்கு விலையுயர்ந்ததாகையால் வீட்டிற்குள்ளேயே மூட்டையாக வைப்பதுண்டு. அம்மூட்டை சமையலறைக்கும் உணவுக்கிழங்குக்கும் அருகில் இருத்தல் கூடாது. பூட்டிய அறையிலேயே வைக்கவேண்டும். உலர்த்தும் விதையும் விஷமே. களத்தில் பிள்ளைகளை விளையாட விடலாகாது.

தவறி உண்டவர்க்கு வீட்டு வைத்தியம் செய்து காலம் போக்குவது உயிருக்குக் கேடு. இவ்விஷத்திற்கு எளிதில் கிடைக்கும் மாற்றுமருந்து இன்மையால், உடல் தேறும்வரை வைத்தியசாலையில் தாங்கிக் காப்பதே சிகிச்சை. வாந்தி தொடங்குமுன்னரே அங்குக் கொண்டுசெல்லவேண்டும். மிஞ்சிய கிழங்குத் துண்டையும், கிடைத்தால் கொடியின் இலையையும் வைத்தியரிடம் காட்டவேண்டும். அதே சட்டியில் உண்டவர்கள் வேறு யாரேனும் இருப்பின், உபாதை தோன்றாவிடினும் அவர்களையும் உடன் அழைத்துச்செல்லவேண்டும்.