கல்வித் தலைமை

தமிழகத்தின் தென்கீழ்க் கடற்கரை முத்துக்குப் பெயர்பெற்றது. பாண்டியரின் பழந்துறைமுகமாகிய கொற்கையும், தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்திலுள்ள புன்னைக்காயலும், இன்று பெருந்துறைமுகமாக விளங்கும் தூத்துக்குடியும் இக்கரையைச் சார்ந்தவையே. இங்கு முத்துக்குளிப்பு நடைபெற்ற முறையை அறிவோர், கல்வியைப் பற்றிய ஓர் உண்மையையும் எளிதில் உணர்வர்.

முத்துக்குளிப்பு தனியொருவர் செயலன்று. முதலில் அரசின் அலுவலர்கள் கடலுக்குச் சென்று, சிப்பி வளரும் பார்களை ஆராய்வர். மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்துத் திறந்து, அவற்றின் முதிர்ச்சியையும் முத்தின் மதிப்பையும் கணிப்பர். அதன் பின்னரே சலாபம் நடத்தலாமா, தள்ளி வைக்கலாமா என்று முடிவு செய்து அறிவிப்பர். குறித்த நாளில் தோணிகள் புறப்படும். குளிப்பவர், கயிற்றிற் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்தில் இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பற்றியபடி விழிப்புடன் நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் விரைந்து மேலே இழுப்பார். அவர் கவனம் சிறிது சிதறினாலும் கீழே உள்ளவர் உயிருக்கு ஏதம் விளையும்.

கல்வித் துறையும் இத்தகையதே. வகுப்பறையில் நாம் காண்பவர்கள் ஆசிரியரும் மாணவருமே. ஆனால், எந்த ஊரில் பள்ளி வேண்டும், எத்தனை ஆசிரியர் வேண்டும், அதற்குப் பொருள் எங்கிருந்து வரும் என்பவற்றை ஆராய்ந்து முடிவு செய்பவர் வேறு சிலர். அம்முடிவைப் பள்ளியின் வாயில்வரை கொண்டு சேர்த்து, அது பயன் தருகின்றதா என்று விழிப்புடன் பார்ப்பவரும் வேண்டும். முன்னதைக் கல்விக் கொள்கை என்பர். பின்னதைக் கல்வித் தலைமை என்பர். இவ்விரண்டையும் பட்டப்படிப்பிற்கு மேற்பட்ட உயர்படிப்பாகப் பல்கலைக்கழகங்கள் இன்று கற்பிக்கின்றன. பள்ளியை நடத்துவதற்கும் ஒரு படிப்பா என்று சிலர் வியக்கலாம். நம் மாநிலத்தின் வரலாற்றிலிருந்தே இரண்டு நிகழ்ச்சிகளைக் கண்டால் அவ்வியப்பு நீங்கும்.

இந்திய அரசியலமைப்பு 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு வயது முடியும்வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று அதன் 45ஆம் பிரிவு அன்று கூறியது. ஆனால், போதிய பள்ளிகளும் இல்லை, பொருளும் இல்லை. இச்சிக்கலைத் தீர்க்க, அப்போது முதலமைச்சராக இருந்த இராசாசி 1953ஆம் ஆண்டில் ஒரு புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்படி சிற்றூர்ப் பிள்ளைகள் நாள்தோறும் மூன்று மணி நேரமே பள்ளியில் பயில்வர். எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலையோ வேறு கைத்தொழிலையோ கற்பர். ஒரே பள்ளியில் இரண்டு முறை வகுப்பு நடத்தினால், இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அதன் கணக்கு.

கணக்கு சரியானதே. ஆயினும், அத்திட்டத்தைப் பற்றி மக்களையும் ஆசிரியரையும் முன்னரே கலந்து ஆராயவில்லை. தந்தையின் தொழிலிலேயே மகனைக் கட்டிவைக்கும் திட்டம் இது என்று பலர் அஞ்சினர். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அன்று மக்கள் கொண்ட அச்சம் வீணானதா? இக்கடற்கரையை நோக்கினால் விடை கிடைக்கும். தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டில் முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பின்னர் அவ்வாறு நடைபெறவில்லை. 1953ஆம் ஆண்டில் எட்டு வயதுச் சிறுவனாக இருந்த ஒருவன், தந்தையிடம் முத்துக்குளிக்கும் தொழிலை மட்டும் கற்றிருந்தால், பதினாறாம் வயதில் அத்தொழிலே இல்லாமற் போயிருக்கும். 1973ஆம் ஆண்டில் தூத்துக்குடியில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலார் சிப்பியினுள் முத்தை வளர்த்து எடுத்தனர். அடுத்த ஆண்டில் தூத்துக்குடி நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. கடலும் முத்தும் அங்கேயே இருந்தன; அவற்றை அணுகும் வழியே மாறியது. அவ்வழி, பள்ளியில் முழுமையாகப் பயின்றவர்க்கே திறந்தது. ஒரு கொள்கை இன்றைய பற்றாக்குறையை மட்டும் பார்த்தால் போதாது. இன்றைய குழந்தை வளர்ந்து நிற்கும் நாளையும் பார்க்க வேண்டும். இஃது இப்படிப்பின் முதற் பாடம்.

இரண்டாம் நிகழ்ச்சியும் இவ்வட்டாரத்தைச் சார்ந்ததே. பள்ளிகளைத் திறந்தால் மட்டும் பிள்ளைகள் வந்துவிடுவதில்லை. வயிறு காய்ந்த பிள்ளை பாடத்தைக் கேளாது. ஆடு மேய்த்தோ கூலி வேலை செய்தோ ஒருவேளைக் கஞ்சி பெறும் பிள்ளையைப் பெற்றோர் பள்ளிக்கு அனுப்பார். இதனை உணர்ந்த காமராசர், பள்ளியிலேயே பகலுணவு அளிப்பது என்று முடிவு செய்தார். சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் 1920ஆம் ஆண்டிலேயே பிட்டி தியாகராயர் தலைமைக் காலத்தில் நண்பகல் உணவு அளிக்கப்பட்டது. அதனை மாநிலம் முழுதும் பரப்பும் பணி 1956ஆம் ஆண்டில் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கப்பெற்றது. அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த அவ்வூர், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது.

முடிவு செய்தவர் காமராசர்; அவர் சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். அம்முடிவைச் செயலாக்கும் பொறுப்பு, பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவிடம் இருந்தது. அவர் பள்ளிகளை நேரிற் சென்று ஆய்வு செய்யும் பணியில் பழகி உயர்ந்தவர். கருவூலத்தில் முழுப் பொருளும் இல்லை. ஆகவே, ஊராரின் உதவியை நாடினர். ஊர் மக்கள் அரிசியும் காய்கறியும் விறகும் தந்தனர். பின்னர், ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு, அதில் ஆறு காசை அரசு ஏற்றது. எஞ்சிய நான்கு காசு உள்ளூரிலிருந்து வந்தது. தம் பங்கும் அதில் இருந்ததால், மக்கள் பள்ளியைத் தம்முடையதாகக் கருதினர். 1958ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இவ்வழியில் பிறந்தவையே. கூரையும் இருக்கையும் கரும்பலகையும் ஊராரின் நன்கொடையாகப் பள்ளிகளுக்குக் கிடைத்தன.

இத்திட்டம் 1982ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த நண்பகல் உணவு வழங்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2022ஆம் ஆண்டில் தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வழங்கத் தொடங்கினர். முன்னைய திட்டம் ஓராண்டில் மறைந்தது. இது தலைமுறைகளைக் கடந்து வளர்கின்றது. இரண்டும் எல்லாரையும் பள்ளிக்குக் கொண்டுவர எழுந்தவையே. ஆயினும், ஒன்று மக்களைக் கலவாமல் பிறந்தது. மற்றொன்று மக்கள் தோளில் ஏறி நடந்தது. இவ்வேறுபாட்டை ஆராய்ந்து அறிவதே கல்வித் தலைமைப் படிப்பின் உயிர்நிலை.

இனி, அப்படிப்பில் கற்பவை யாவை எனக் காண்போம். அரசியலமைப்பும் கல்விச் சட்டங்களும் அதில் இடம்பெறும். ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 2002ஆம் ஆண்டின் திருத்தமும், அதனை நிறைவேற்ற 2009ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமும் அவற்றுள் முதன்மையானவை. பள்ளிகளுக்குப் பொருள் திரட்டும் முறையும் செலவிடும் முறையும் கற்பிக்கப்படும். புள்ளியியல், சமூகவியல், உளவியல் ஆகியவையும் துணைப்பாடங்களாகும். ஒரு திட்டம் பயன் தந்ததா என அளந்து காணும் முறையும் உண்டு.

இவையெல்லாம் எவ்வாறு உதவும்? ஒரு கடற்கரைச் சிற்றூர்ப் பள்ளியில், எட்டாம் வகுப்பில் வருகை குறைந்துவிட்டது என்று கொள்வோம். பயிற்சியில்லாதவர் உடனே பெற்றோரைக் குறை கூறுவார். அல்லது ஆசிரியரைக் கடிந்துகொள்வார். பயின்ற தலைமையாசிரியரோ முதலில் வருகைப் பதிவேட்டைத் திறப்பார். எந்த மாதத்தில், எந்தத் தெருப் பிள்ளைகள், ஆண்களா பெண்களா என்று பிரித்துப் பார்ப்பார். ஒருவன் தந்தையுடன் படகில் சென்றிருப்பான். ஒருத்தி, தாய் உப்பளத்திற்குச் சென்றமையால் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பாள். மற்றொருத்தி, பள்ளியில் தக்க கழிவறை இல்லாமையால் நின்றிருப்பாள். வேறொருவன், பாடம் விளங்காமையால் நாணி ஒளிந்திருப்பான். நோய் ஒன்றாகத் தோன்றினும் காரணங்கள் நான்கு. நான்கிற்கும் மருந்து வேறு. உணவு பசியைத்தான் தீர்க்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ளாது. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு விடுப்பின் பின்னும் ஒரு குழந்தை நிற்கின்றது என்று உணர்வதே தலைமையின் தொடக்கம்.

இப்படிப்பை நாடுவோர்க்கு நம் நாட்டிலேயே வழிகள் உள்ளன. பட்டம் பெற்றபின் பி.எட். என்னும் ஆசிரியர் பயிற்சிப் பட்டமும், அதன்பின் எம்.எட். என்னும் முதுநிலைப் பட்டமும் பெறலாம். முதுநிலையில் கல்வி நிருவாகமும் கொள்கையும் பாடங்களாக அமையும். பின்னர் முனைவர் பட்டத்திற்கு ஆராயலாம். 1856ஆம் ஆண்டில் தோன்றி வளர்ந்த சைதாப்பேட்டைக் கல்லூரி, தென்னாட்டில் ஆசிரியர்களை உருவாக்கிய பழம்பெரும் நிலையமாகும். நெல்லையில் 1990ஆம் ஆண்டில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தூத்துக்குடியிலும் கல்வியியல் கல்லூரிகள் உள்ளன. தில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல், நிருவாக நிறுவனம் இத்துறைக்கென்றே அமைந்தது. யுனெஸ்கோவின் துணையுடன் 1962ஆம் ஆண்டில் தோன்றிய ஆசிய மையத்திலிருந்து வளர்ந்தது. அந்த யுனெஸ்கோவில் 1963 முதல் 1970 வரை துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றியவர் மால்கம் ஆதிசேசையா என்னும் தமிழர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. மேலை நாடுகளின் பல்கலைக்கழகங்களிலும் கல்வித் தலைமையும் கொள்கையும் தனித்துறையாக விளங்குகின்றன.

எனினும், பட்டம் மட்டும் ஒருவரைத் தலைவராக்கிவிடாது. பசித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்து இரங்கும் நெஞ்சம் வேண்டும். இரக்கம் மட்டும் இருந்தாலும் போதாது. எத்தனை பிள்ளைகள், எவ்வளவு அரிசி, யார் சமைப்பர் என்று கணக்கிடும் அறிவும் வேண்டும். எட்டயபுரத்தில் இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தன. ஆகவேதான், அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகின்றது.

மாணவர்களே! இன்று நீங்கள் அமர்ந்துள்ள இருக்கையும், உங்கள் கையிலுள்ள நூலும், உங்கள் பள்ளியில் வேகும் உணவும் தாமாக வந்தவையல்ல. உங்கள் பெயரையும் அறியாத பலர் ஆராய்ந்து, முடிவு செய்து, உழைத்தமையால் வந்தவை. நாளை உங்களுள் சிலர் தலைமையாசிரியராகவும், ஆய்வாளராகவும், கல்வி இயக்குநராகவும் விளங்குவீர்கள். அப்போது உங்கள் கையில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனையில், உங்களை நம்பி ஆழத்தில் இறங்கிய ஒரு குழந்தை இருக்கும். கயிறு அசையும்போது அதனை உணரும் கையாக உங்கள் கை அமைதல் வேண்டும்.