கல்லில் எழுதிய விதியும் திருத்தப்பட்டது

காஞ்சீபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களிலே காணப்படும் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டையும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலைத் தேர்தலுக்குச் சாட்சியமாகப் போற்றும் நாம், முதலாவது கி.பி. 919-லும் அடுத்தது 921-லும் பொறிக்கப்பட்டவை என்பதையும், ஒரே மகாசபை ஒரே விஷயத்துக்கு இரண்டு வருஷ இடைவெளியில் இரு முறை வியவஸ்தை செய்ய நேர்ந்தது என்பதையும் போதிய அளவு சிந்திப்பதில்லை.

சபையின் நிர்வாகக் குழுவாகிய வாரியத்துக்கு வருகிறவர் 30 வயதுக்கு மேற்பட்டு 60-க்கு உட்பட்டவராக இருக்கவேண்டும் என்று முதலில் விதித்தவர்கள், பிறகு அதை 35 என்றும் 70 என்றும் மாற்றினார்கள். கால் வேலி நிலம் வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவனுக்கு அரைக்கால் வேலியே போதும் என்றார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனோடு அவனுடைய பந்துக்களையும் சேர்த்து விலக்கினார்கள்.

இரண்டாம் சாசனத்தில் தேர்தல் முறை எவ்வளவு நுணுக்கமாக வர்ணிக்கப்படுகிறது! பாலர் முதல் விருத்தர் வரை கூடியிருக்கும் சபை நடுவே, கோயில் பூசகர்களாகிய நம்பிமாருள் மூத்தவர் எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திக் காட்ட, உள்ளிருப்பதை அறியாத ஒரு பாலகன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை, மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையிலே ஏற்று வாசிக்க, அதையே நம்பிமார் அனைவரும் வாசிக்கவேண்டுமாம். விரல்களுக்கிடையே வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாகாது என்ற ஜாக்கிரதை அது; அனுபவத்தில் அடிபட்டவர்களே இப்படி எழுதுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

விதியை மாற்றுவது சபலம் என்று கருதுகிறவர்கள் உண்டு. யாருக்கும் தெரியாமல் சௌகரியத்துக்காக மாற்றுவது சபலந்தான். குறை கண்ட இடத்தில் ஊரைக் கூட்டி மாற்றி, மாற்றியதை எல்லோரும் படிக்கும்படி வெட்டிவைப்பது தைரியம். அந்தணர்களின் பிரமதேய சபையாகிய அந்த மகாசபையிலே பெண்களுக்கும் உழுது பயிரிட்ட ஏழைகளுக்கும் இடமில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஊராட்சிகளில் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் ஸ்தானங்களை ஒதுக்கிய அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் அமலுக்கு வந்தது 1993-ல்தான்.

இன்றைய கிராமசபைத் தீர்மானங்கள் தீர்மானப் புத்தகத்தோடு அலுவலக அலமாரிக்குள் போய்விடுகின்றன. ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: எந்தத் தீர்மானம் எப்போது, ஏன் மாற்றப்பட்டது என்பதை அலுவலகச் சுவரில், தெருவில் போகிறவர் படிக்கும்படி எழுதி வையுங்கள்.