மார்க் இல்லை என்று உட்கார வைத்தார்கள். 3 நொடியில் கோப்பையை வாங்கித் தந்தார்!

சியாட்டில் நகரம். 1989-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி இரவு. "கிங்டோம்" ஸ்டேடியத்தில் 39 ஆயிரம் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து இருந்தார்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கான கூடைப்பந்து இறுதிப் போட்டி. மிச்சிகன் பல்கலைக்கழகமும் சீட்டன் ஹால் பல்கலைக்கழகமும் மோதின. முழு நேரம் முடிந்தபோது 71-71. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதிலும் இழுபறி. சீட்டன் ஹால் 79, மிச்சிகன் 78. ஆட்டம் முடிய 3 நொடிதான் பாக்கி!

மிச்சிகன் வீரர் ருமீல் ராபின்சன் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தார். எதிர் அணி வீரர் மோதினார் என்று நடுவர் விசில் ஊதினார். "இதெல்லாம் ஒரு பவுலா?" என்று சீட்டன் ஹால் ரசிகர்களுக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் நடுவர் ஊதினால் ஊதியதுதான்.

2 "ப்ரீ த்ரோ". முதல் பந்து விழுந்தது. சமம். அடுத்த பந்தும் விழுந்தது. 80-79! மிச்சிகனுக்கு முதல் தடவையாகக் கோப்பை கிடைத்தது.

இந்த ராபின்சன் யார் தெரியுமா? கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம், "நீ ஆடவே கூடாது" என்று தடுக்கப்பட்டவர். காரணம், பள்ளிக்கூட மார்க்!

48-ம் நம்பர் விதி

ராபின்சன் ஜமைக்காவில் பிறந்தவர். அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில், சிறு வயதிலேயே ஆதரவில்லாமல் நின்றார். ஹெலன் போர்டு என்ற பெண்மணி அவரை எடுத்து வளர்த்தார். பள்ளியில் படிக்கும்போதே பையனின் ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்து விட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகம் அழைத்துக் கொண்டது.

அவர் சேர்ந்தது 1986-ல். அந்த வருஷம்தான் புது விதி ஒன்று அமலுக்கு வந்தது. கல்லூரி விளையாட்டைக் கட்டி ஆளும் சங்கம் என்.சி.ஏ.ஏ. அது 1983-லேயே நிறைவேற்றி வைத்திருந்த 48-ம் நம்பர் விதி அது.

விதி இதுதான்: ஆங்கிலம், கணக்கு, விஞ்ஞானம் போன்ற 11 முக்கியப் பாடங்களில் 4-க்கு 2 என்ற சராசரி வேண்டும். "சாட்" என்ற நுழைவுப் பரீட்சையில் 1600-க்கு 700 வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் முதல் வருஷம் ஆடக் கூடாது. அணியோடு பயிற்சியும் கூடாது. அதோடு விட்டார்களா? ஆடக் கூடிய 4 வருஷத்தில் ஒரு வருஷம் கழிந்து போகும்.

ராபின்சன் இதில் மாட்டிக் கொண்டார். அதே அணிக்கு வந்த டெர்ரி மில்சுக்கும் இதே கதி. 1986-87 சீசன் முழுவதும் இருவரும் களத்தில் இறங்கவில்லை.

"பந்து ஆட வந்தவன் கணக்குப் போட வேண்டுமா?" என்று கேட்டவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால், பாடமே தெரியாத பையன்களைச் சேர்த்து, ஆட வைத்து, வேலை முடிந்ததும் வெறுங்கையோடு அனுப்பிய கல்லூரிகளும் இருந்தன. விதி வந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

தினம் 100 தடவை

அடுத்த வருஷம் களத்தில் இறங்கினார் ராபின்சன். 1989 சீசனில் விஸ்கான்சின் அணியோடு ஒரு ஆட்டம். கடைசிக் கட்டத்தில் 2 ப்ரீ த்ரோவையும் கோட்டை விட்டார். மிச்சிகன் தோற்றது.

அன்றிலிருந்து பயிற்சி முடிந்ததும் மற்றவர்கள் கிளம்பி விடுவார்கள். ராபின்சன் மட்டும் நின்று 100 ப்ரீ த்ரோ எறிவார். சியாட்டிலில் அந்தக் கை நடுங்காததற்கு இதுதான் காரணம்.

1990-ல் என்.பி.ஏ. தேர்வில் அவர் 10-வது ஆளாக எடுக்கப்பட்டார். மில்ஸ் 16-வது.

கோச் வெளிநடப்பு

சியாட்டில் இறுதிப் போட்டிக்கு 3 மாதம் முன்பு இன்னொரு பரபரப்பு. விதியை மேலும் இறுக்க என்.சி.ஏ.ஏ. முடிவு செய்தது. மார்க் குறைந்த மாணவனுக்கு முதல் வருஷம் ஸ்காலர்ஷிப்பும் கிடையாதாம்!

ஜார்ஜ்டவுன் அணியின் கோச் ஜான் தாம்சனுக்கு ஆத்திரம் பொங்கியது. 1989 ஜனவரி 14-ந் தேதி, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் களத்தை விட்டே வெளியேறினார். அவர் கறுப்பினத்தவர். "சாட்" பரீட்சை ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாதகமானது, பாதிக்கப்படுவது கறுப்பின மாணவர்கள்தான் என்பது அவர் வாதம். ராபின்சன் படித்த அதே பள்ளியில் இருந்து வந்த பாட்ரிக் யூயிங்கை கல்லூரியில் ஆளாக்கியவரும் இவரே!

அடுத்த வருஷமே அந்த விதி தளர்த்தப்பட்டது. "சாட்" மார்க் கட்டாயம் என்பது அடியோடு போக மட்டும் 2023 வரை ஆகி விட்டது.

இப்போது எப்படி?

அதனால் இப்போது சுலபம் என்று நினைத்து விடாதீர்கள். பாடம் 11-லிருந்து 16 ஆகி இருக்கிறது. முதல் பிரிவுக் கல்லூரியில் ஆட 2.3 சராசரி வேண்டும். 2-க்கு மேல், 2.3-க்குக் கீழ் என்றால் ஸ்காலர்ஷிப் வாங்கலாம், பயிற்சி எடுக்கலாம். முதல் வருஷம் போட்டியில் ஆட முடியாது. இரண்டாம் பிரிவில் 2.2 போதும்.

அதுவும் இல்லையா? 2 வருஷக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே ஆடிக் கொண்டே படித்து, மார்க்கைத் தேற்றிப் பெரிய கல்லூரிக்கு மாறலாம். பெயர் பெற்ற வீரர்கள் பலர் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

பலரும் கவிழ்வது வேறு இடத்தில். முதல் பிரிவுக்குப் போகிறவர்கள் அந்த 16-ல் 10 பாடங்களைப் பள்ளியின் கடைசி வருஷம் தொடங்கும் முன்பே முடித்தாக வேண்டும். அதில் 7 பாடம் ஆங்கிலம், கணக்கு, விஞ்ஞானமாக இருக்க வேண்டும். அந்த மார்க் அப்படியே பூட்டப்பட்டு விடும். "கடைசி வருஷம் பார்த்துக்கலாம்" என்று இருந்த பையன் பிறகு திரும்ப எழுதி நல்ல மார்க் வாங்கினாலும் பிரயோசனம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பி.டி. பீரியடில் முழு மார்க் வாங்கினாலும், அந்த 16-ல் அது சேராது!