சுழலும் சக்கரம், நகராத வண்டி

மரக்காணத்து உப்பளங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது நீங்கள் பார்த்திருக்கலாம். சாலைக்கு அப்பால் கட்டங் கட்டமாகப் பாத்திகள். வரப்பு ஓரங்களில் வெள்ளைக் குன்றுகளாக உப்பு. கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உப்பு ஏற்றிய லாரி ஒன்று களிமண் பாதையில் சிக்கிக் கொள்கிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். இயந்திரம் உறுமுகிறது, சக்கரம் விர்ரென்று சுழல்கிறது, சேறு வாரி அடிக்கிறது. லாரியோ அங்குலமும் நகரவில்லை.

“காலை எடுங்க அண்ணே! மெதுவா கொடுங்க!” என்று வரப்பிலிருந்து ஒருவர் குரல் கொடுக்கிறார். சக்கரத்துக்கு அடியில் பனை ஓலையும் கல்லும் போடுகிறார்கள். ஓட்டுநர் மிதியை மெல்ல அழுத்துகிறார். லாரி ஏறி வந்துவிடுகிறது!

மிகுதியான திறனுக்கு நகராத வண்டி, குறைந்த திறனுக்கு நகர்ந்தது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், பந்தயக் கார்களில் உள்ள “டிராக்ஷன் கண்ட்ரோல்”, அதாவது சக்கர வழுக்குக் கட்டுப்பாடு, உங்களுக்குப் புரிந்துவிடும்.

தரை கொடுக்கும் கடன்

காரை முன்னே தள்ளுவது இயந்திரம் என்று நினைக்கிறோம். உண்மையில் இயந்திரம் சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்கிறது. டயர் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை டயரை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே வேலை செய்கிறது. இதற்கு வேண்டிய பிடிப்பைத் தருவது உராய்வு. அந்த உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. சக்கரத்தின் மேல் உள்ள எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு காரின் பின்சக்கரங்களின் மேல் 900 கிலோகிராம் சுமை இருக்கட்டும். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழுவை ஏறத்தாழ 1 எனக் கொள்வோம். தரை தரக்கூடிய மிகுதியான விசை 900 × 9.8 = 8,820 நியூட்டன். கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே 8,820 × 20 = 1,76,400 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால், இது ஏறக்குறைய 236 குதிரைத்திறன்.

இயந்திரம் 400 குதிரைத்திறன் உடையதாக இருந்தால் என்ன ஆகும்? அந்த வேகத்தில் 236-க்கு மேற்பட்டதைத் தரை ஏற்றுக்கொள்ளாது. எஞ்சியது சக்கரத்தை வீணாகச் சுழற்றும். ரப்பரைச் சூடாக்கித் தேய்க்கும். ஈரக் களிமண்ணில் உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால் 71 குதிரைத்திறன்தான் பயன்படும். அந்த இடத்தில் பெரிய இயந்திரம் பெருமைக்கு மட்டுமே உதவும்.

கொஞ்சம் வழுக்க வேண்டும்

சக்கரம் சிறிதும் வழுக்காமல் உருள்வதே சிறந்தது என்று தோன்றும். ஆனால் ரப்பர் டயரின் இயல்பு வேறு. உலர்ந்த சாலையில் சக்கரம் காரின் வேகத்தைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை கூடுதலாகச் சுழலும்போதுதான் பிடிப்பு உச்சத்தை அடைகிறது. அதைத் தாண்டினால் பிடிப்பு குறையத் தொடங்கும். பிடிப்புக் குறைந்தால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும். பிடிப்பு மேலும் குறையும். நம் லாரிக்கு நேர்ந்ததும் இதுவே. காலை எடுத்ததும் சுழற்சி குறைந்து, பிடிப்பு திரும்பியது.

வளைவில் மற்றொரு சிக்கல் உண்டு. டயரின் பிடிப்பு ஒரே பணப்பை போன்றது. திரும்புவதற்கும் முன்னேறுவதற்கும் அதிலிருந்தே செலவு செய்ய வேண்டும். பித்தாகரசு தேற்றத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். மொத்தப் பிடிப்பு 5 என்றால், திரும்புவதற்கு 4 போனபின் முன்னேற 3 எஞ்சும். திரும்பவே 5-ம் செலவானால் முன்னேற எதுவுமில்லை. அப்போது பின்சக்கரத்துக்குத் திறன் கொடுத்தால் காரின் வால் வெளியே வீசும். கார் பம்பரமாகச் சுற்றிவிடும்.

காலுக்குப் பதில் கருவி

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் பல்லுள்ள ஒரு வளையமும் ஒரு காந்த உணர்கருவியும் இருக்கின்றன. பற்கள் கடக்கும்தோறும் மின்துடிப்பு எழும். துடிப்புகளை எண்ணினால் சக்கரத்தின் வேகம் தெரியும். இயந்திரம் சுழற்றும் சக்கரம் மற்றச் சக்கரத்தைவிட மிகவும் வேகமாகச் சுற்றினால், “வழுக்குகிறது” என்று சிறு கணிப்பொறி முடிவு செய்கிறது. உடனே எரிபொருளையோ தீப்பொறியையோ குறைக்கிறது. அல்லது சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடிக்கிறது. இவை யாவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்துவிடும். அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1971-லேயே இத்தகைய அமைப்பு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பந்தயத்தில் வேண்டுமா?

இங்கேதான் கருத்து வேறுபாடு. சாலைக்காகச் செய்த கருவி பாதுகாப்பையே முதன்மையாகக் கருதும். வழுக்கல் தொடங்கியதுமே திறனை வெட்டிவிடும். பந்தய ஓட்டுநருக்கோ அந்த 10 விழுக்காட்டு வழுக்கல் தேவை. “ஆட்டோகிராஸ்” என்னும் போட்டியில் குறுகிய வளைவுகள் அடுத்தடுத்து வரும். கார்கள் தனித்தனியே கடிகாரத்தோடு போட்டியிடும். ஒவ்வொரு வளைவின் முடிவிலும் கருவி திறனை வெட்டித் தயங்கித் திருப்பிக் கொடுத்தால், நேரம் வீணாகும். நீண்ட பந்தயத் தடத்தில் பிரேக்கைப் பயன்படுத்தும் வகைக் கருவி பிரேக்குகளை அளவுக்கு மீறிச் சூடாக்கவும் கூடும். ஆகவே சில உயர்திறன் கார்களில், அனுமதிக்கும் வழுக்கலைப் படிப்படியாக மாற்ற ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். மழையில் கூடுதல் காவல். உலர்ந்த தடத்தில் குறைந்த காவல்.

சோழவரம் விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் ஓட்டுநரின் பாதமே கட்டுப்பாட்டுக் கருவி. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் ஓட்டுநரானார். அப்போது விதிகள் இக்கருவியை அனுமதித்தன. 1994-இல் தடை, 2001-இல் அனுமதி, 2008-இல் மீண்டும் தடை என்று அதன் வரலாறு நீள்கிறது. ஓட்டுநரின் திறமை வெளிப்பட வேண்டும் என்பதே தடைக்குச் சொல்லப்பட்ட காரணம்.

உப்பின் மேல் ஓட்டம்

உப்புத் தரையிலும் வேகப் பந்தயம் உண்டு! டொனால்ட் கேம்பெல் 1964-இல் ஆஸ்திரேலியாவின் ஏர் உப்பேரியில் மணிக்கு ஏறக்குறைய 648 கி.மீ. வேகம் கண்டார். அவருடைய காரில் நான்கு சக்கரங்களையும் டர்பைன் சுழற்றியது. முந்தைய மழையால் உப்பு இளகியிருந்தது. அதனால் அவர் எதிர்பார்த்த வேகம் கிட்டவில்லை. 1970-இல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் “புளூ பிளேம்” 1,000 கி.மீ.-ஐத் தாண்டியது. அதைத் தள்ளியது ராக்கெட்; சக்கரங்கள் உருள மட்டுமே செய்தன. உராய்வின் எல்லையை வெல்ல முடியாதபோது, அதை நம்பாமலே ஓட வழி கண்டார்கள்!

நினைவில் வையுங்கள்

வழுக்குக் கட்டுப்பாடு உராய்வை உண்டாக்குவதில்லை. இருப்பதைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. அளவுக்கு மீறிய வேகத்தில் வளைவில் நுழைந்தவரை அது காப்பாற்றாது. நிறுத்தும் தூரத்தையும் குறைக்காது. எனவே பொதுச் சாலையில் அதை அணைப்பது அறிவுடைமை ஆகாது. அதை நம்பி விரைவதும் அறிவுடைமை ஆகாது. முதல் மழையில் தூசியும் எண்ணெயும் குழைந்த சாலையில் இது உயிர்ப் பிரச்சினை.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். வழவழப்பான பலகையில் அழிரப்பர் ஒன்றை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். ரப்பர் நழுவத் தொடங்கும் கோணத்தை அளந்து குறியுங்கள். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே உராய்வுக் கெழு. பின்பு பலகையை நனைத்துப் பாருங்கள். கடைசியாக அதைத் துடைத்து உலர்த்திவிட்டு, ஒரு கைப்பிடி கல்லுப்பைத் தூவிப் பாருங்கள். மூன்று கோணங்களையும் ஒப்பிடுங்கள். உப்பளத்து ஓட்டுநருக்குக் கால் சொல்லிக்கொடுத்த பாடத்தை உங்கள் கோணமானியும் சொல்லும்.