மலையிறங்கும்போது தெரிஞ்ச உண்மை: புதுசாக்கின பழைய ஜீப் வாங்குறதுக்கு முன்னாடி

இந்த எபிசோட் ஒரு நேயர் அனுப்பின கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. "1967 மஸ்டாங் ஒன்னு பாத்தேன். முழுசா ரெஸ்டோர் பண்ணி, புது இன்ஜின், ஏசி, பவர் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக் எல்லாம் போட்டு வச்சிருக்காங்க. காசு சேர்த்தா இங்க கொண்டுவந்து ஓட்ட முடியுமா?"

இந்த மாதிரி வண்டிக்கு ரெஸ்டோமாட்னு பேர். வெளியில பழைய அழகு, உள்ளே புது இயந்திரம். ஆசை நியாயமானதுதான். அறுபதுகள்ல வந்த மஸ்டாங்ல நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான் ஸ்டாண்டர்ட், முன்சக்கர டிஸ்க்குக்குத் தனியா காசு கட்டணும். அப்படியே இன்னிக்கு ஓ.எம்.ஆர்ல ஓட்டினா, ரெண்டாவது சிக்னல்லயே வேர்த்துடும்.

ஆனா மஸ்டாங்குக்கு என் பதில் சின்னது. பழைய கார் இறக்குமதிக்கு நம்ம ஊர்ப் பொது விதி, தயாரிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கணும். மஸ்டாங் ரெண்டுலயும் அவுட். அம்பது வயசைத் தாண்டின வண்டிக்குனு ஒரு தனிக் கதவு இருக்கு. அந்தக் கதவு யாருக்குத் திறக்கும்ங்கிறதுலதான் இன்னிக்குக் கதையே இருக்கு, அங்க வரேன்.

நம்மளால நிஜமா கை நீட்டி வாங்கக்கூடிய அமெரிக்க கிளாசிக் ஒன்னே ஒன்னுதான்: ஜீப். "ஸ்போர்ட்ஸ் கார் கேட்டா ஜீப்பைக் காட்டுறியே"னு திட்டாதீங்க. வில்லிஸ் கம்பெனி ரெண்டாம் உலகப் போருக்குச் செஞ்ச வண்டி அது. 1940களோட கடைசியில மஹிந்திரா அதை பம்பாய்ல பூட்ட ஆரம்பிச்சாங்க. 1953ல அமெரிக்காவுல வந்த சிஜே-3பி மாடலை, அங்க 1968ல நிறுத்தின அப்புறமும் இங்க பல வருஷம் செஞ்சாங்க. பழைய தமிழ்ப் படத்துல இன்ஸ்பெக்டர் வந்து இறங்குவாரே, பானெட் கொஞ்சம் உயரமா இருக்குமே, அந்த ஜாடைதான். உயரத்துக்குக் காரணம் ஸ்டைல் இல்லைங்க, உள்ள இருந்த ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின் உயரமானது.

என் நண்பன் ஒருத்தன் அப்படி ஒரு ஜீப்பைப் பாத்து மயங்கிட்டான். ஆர்.சி.யில 1972, சிஜே-3பி, பெட்ரோல். வண்டியில இருந்தது 2.5 லிட்டர் டீசல், முன்னாடி டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங், எல்.ஈ.டி. ஹெட்லைட். ஆலிவ் பச்சை பெயின்ட்ல முகம் பாக்கலாம். விலை எட்டு லட்சம் சொன்னாங்க. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாத்துடலாம்னு நான்தான் சொன்னேன். ஆலங்காயத்துல இருந்து காவலூர் வழியா ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர், அங்க டீ, அப்புறம் போளூர் பக்கமா இறங்குறது. இதான் பிளான்.

ஏறும்போது சொர்க்கம். கூரை கிடையாது, குளிர் காத்து, காவலூர் வந்தா வைணு பாப்பு வானாய்வகத்தோட வெள்ளை டோம். டீசல் இன்ஜின் ரெண்டாவது கியர்ல முக்காம முனகாம இழுத்தது. பிரேக் மட்டும் கொஞ்சம் கல்லு மாதிரி இருந்தது. "பழைய வண்டின்னா அப்படித்தான் மச்சான்"னான். நானும் தலையாட்டினேன். தப்பு என் மேலயும் இருக்கு.

ஜமுனாமரத்தூர்ல டீக்கடை ஓரமா நிறுத்தினதும் கூட்டம் கூடிடுச்சு. மலைக் கிராமங்களுக்கு ஆளும் சாமை மூட்டையும் ஏத்திட்டுப் போற ஒரு ஜீப் டிரைவர் அண்ணன், வண்டியை ஒரு சுத்து சுத்திட்டு, "பானெட்டைத் தொறங்க தம்பி"ன்னார். பெயின்ட்டைப் பாக்கவே இல்ல. நேரா பிரேக் பூஸ்டர்ல இருந்து போற ரப்பர் ஹோஸைக் கையால பிடிச்சு, அது எங்க போய் முடியுதுன்னு பாத்தார். "இதுல காத்து இழுக்காதே. எப்படி மலையேறி வந்தீங்க?"

அவர் பாத்ததை நிதானமா விளக்கறேன், இந்த எபிசோடோட மையமே இதுதான்.

டிரம் பிரேக்ல ஒரு வசதி உண்டு. சக்கரம் சுத்துற வேகமே பிரேக் ஷூவை உள்ள இழுத்து அழுத்திக்கும், அதனால கால்ல கம்மி பலம் போதும். டிஸ்க்ல அந்த இழுப்பு கிடையாது. அதிக அழுத்தம் வேணும், அதுக்குத்தான் பூஸ்டர். பூஸ்டர் வேலை செய்ய வெற்றிடம் வேணும், அதாவது வேக்குவம். பெட்ரோல் இன்ஜின்ல காத்து உள்ள போற வழியை த்ராட்டில் தட்டு அடைக்கறதால வேக்குவம் சும்மாவே கிடைக்கும். பழைய டீசல்ல அந்தத் தட்டே கிடையாது. அதனால டீசல் வண்டியில வேக்குவம் பம்புனு தனியா ஒன்னு வைப்பாங்க, நம்ம ஊர் டீசல்கள்ல பெரும்பாலும் ஆல்டர்னேட்டருக்குப் பின்னாடி ஒட்டிட்டு இருக்கும். எங்க வண்டியில பளபளன்னு பூஸ்டர் இருந்தது. ஹோஸ், டீசல் இன்ஜினோட மேனிஃபோல்டுல சொருகியிருந்தது. ஆல்டர்னேட்டர்ல பம்பே இல்ல. டிஸ்க் இருக்கு, பூஸ்டர் இருக்கு, ரெண்டுக்கும் உயிர் கொடுக்கிற சாமான் இல்ல. ஒவ்வொன்னும் தனித்தனியா அப்கிரேட்தான். சேர்த்துப் பாத்தா, பழைய டிரம் பிரேக்கை விட மோசம்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் ஆகணும்னு அவசியமில்ல. இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. பிரேக் பெடலை அஞ்சாறு தடவை மிதிங்க, கெட்டியாயிடும். காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா உள்ள இறங்கினா பூஸ்டர் உயிரோட இருக்கு. அசையலைன்னா பூஸ்டர் வெறும் அலங்காரம். முப்பது செகண்ட் வேலை, நாங்க அடிவாரத்துலயே செஞ்சிருக்கணும்.

அண்ணன் இன்னொன்னும் காட்டினார். அந்தக் கால ஜீப்ல மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே சர்க்யூட். ஒரு சக்கரத்துல லைன் லீக் ஆனா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. இப்போ வர்ற கார்ல ரெண்டா பிரிச்சிருப்பாங்க, ஒன்னு போனாலும் இன்னொன்னு நிறுத்தும். ரெஸ்டோர் பண்ணின வண்டியில நான் முதல்ல கேட்கச் சொல்றது இந்த மாத்தத்தைத்தான். எல்.ஈ.டி. லைட் அப்புறம். அதோட, டிரம்முக்குனு செஞ்ச பழைய மாஸ்டர் சிலிண்டர்ல லைன்ல கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கிற ஒரு சின்ன வால்வு இருக்கும். டிஸ்க் போட்டும் அது அப்படியே இருந்தா, காலை எடுத்த அப்புறமும் பேட் டிஸ்கைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும், சக்கரம் சூடாகும்.

போளூர் பக்கம் இறங்கினது எப்படின்னு கேக்குறீங்களா? முதல் கியர், ரெண்டாவது கியர், இன்ஜினையே பிரேக்கா வச்சு, ஆள் நடக்கிறதை விடக் கொஞ்சம் வேகமா. பின்னால வந்த பஸ்ஸுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டோம். அப்படியும் பாதியில பின் டிரம்ல இருந்து கருகின வாசனை. டிரம் சூடானா விரியும், ஷூ இன்னும் தூரம் போய்த் தொட வேண்டியிருக்கும், லைனிங்கோட பிடிப்பும் குறையும். நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லு வச்சு, முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். தண்ணி ஊத்தாதீங்க, சூடான டிரம் விரிசல் விட்டுடும். அந்த முக்கால் மணி நேரத்துல நண்பன் பேசவே இல்ல.

சரி, பம்ப் வாங்கிப் போட்டா முடிஞ்சதுதானேன்னு நானும் நினைச்சேன். ஊருக்கு வந்து ஆர்.சி.யை எடுத்து வச்சு உக்காந்தப்பதான் பெரிய சிக்கல் தெரிஞ்சது.

மோட்டார் வாகனச் சட்டத்தோட 52ஆவது பிரிவு சொல்றது இது: தயாரிப்பாளர் முதல்ல கொடுத்த விவரத்துக்கு மாறா ஆர்.சி. விவரம் போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் ஒரு கேரளா வழக்குல இதை அழுத்திச் சொல்லிச்சு. அதே மேக், அதே டைப் இன்ஜினை மாத்துறதுன்னாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில ஏத்தணும். அதே வருஷம் வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாம மாத்தின ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ரெண்டுமே. பெட்ரோல் ஆர்.சி., டீசல் இன்ஜின். அந்த வண்டியோட நிலைமை உங்களுக்கே புரியும்.

இப்போ அந்தத் தனிக் கதவு. 2021 ஜூலையில மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தாங்க. முதல் பதிவு முடிஞ்சு 50 வருஷம் ஆகியிருக்கணும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், அப்புறம் மறுபதிவுக்கு 5,000. நம்பர் பிளேட்ல மாநில எழுத்துக்கு அப்புறம் 'விஏ'ன்னு ரெண்டு எழுத்து வரும், அதுல ஒரு கெத்து இருக்கத்தான் செய்யுது. ஆனா நிபந்தனையைக் கேளுங்க. வண்டி ஒரிஜினலா இருக்கணும். சேசிஸ், பாடி, இன்ஜின் இதுல பெரிய மாத்தம் இருக்கக் கூடாது. அப்படி வாங்கினாலும் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடறது, ரிப்பேர், இதுக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது.

ரெஸ்டோமாட் விழற குழி இதுதான். அப்கிரேட் பண்ணினா வின்டேஜ் கிடையாது. வின்டேஜா வச்சா ஓட்ட முடியாது. நடுவுல ஒரு வழி இருக்கு: பழைய சாதாரணப் பதிவை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சுக்கிட்டே வர்றது. இன்ஸ்பெக்டர் முன்னாடி வண்டியைக் காட்டணும், சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யோட பொருந்தணும். 20 வயசு தாண்டின காருக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டுல 10,000 ரூபாயா உயர்த்திட்டாங்க.

அதனால விக்கிறவங்க "எல்லாம் மாத்திக்கலாம் சார்"னா, "மாத்தி என் கையில கொடுங்க, அப்புறம் பணம்"னு சொல்லுங்க. ஆர்.சி. எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு பாருங்க. சேசிஸ் நம்பர் பொறிச்ச இடத்துல பெயின்ட் மட்டும் தடிமனா இருந்தாலோ, பக்கத்துல வெல்டிங் இருந்தாலோ திரும்பிப் பாக்காம வந்துடுங்க. பிரேக், ஸ்டீயரிங் மாத்தியிருந்தா, எது ஏத்துக்கப்படும்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுத்துலயே கேளுங்க. இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டயும் எல்லா மாத்தத்தையும் சொல்லுங்க, மறைச்சா விபத்தப்போ கிளெய்ம் நிக்காது.

ஸ்டீயரிங் பத்தி ஒரு வரி. சிஜே-3பி-யில ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல பெல்கிராங்க்னு ஒரு துண்டு இருக்கும். அது தேஞ்சா ஸ்டீயரிங்கை ஒரு சாண் திருப்பினாலும் சக்கரம் யோசிக்கும். பவர் ஸ்டீயரிங் போட்டிருக்காங்கன்னா இதை எடுத்துட்டாங்களா, அப்படியே விட்டுட்டாங்களான்னு கீழ குனிஞ்சு பாருங்க.

என்கிட்ட கேட்டா, தினமும் ஓட்டற ஆசை இருக்கிறவங்களுக்கு நான் காட்டுறது 2010ல இருந்து 2020 வரைக்கும் வித்த பழைய ஷேப் தார், அதுல சி.ஆர்.டி.ஈ. மாடல். அதே ஜீப் ஜாடை, 105 குதிரைசக்தி டீசல், பவர் ஸ்டீயரிங், முன்னாடி டிஸ்க், ஏசி. எல்லாம் கம்பெனியே போட்டது, ஆர்.சி.யிலயும் அப்படியே இருக்கும். கம்பெனி செஞ்ச ரெஸ்டோமாட்னு வச்சுக்கலாம். "ஆனா அது 1972 இல்லையே"ன்னு கேட்டா, ஆமா, இல்லதான். அந்த வருத்தத்துக்கு என்கிட்ட மருந்து இல்ல.

நண்பன் என்ன பண்ணினான்? எட்டு லட்சத்தைக் கொடுக்கல. ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒரு சிஜே-3பி வாங்கினான். ஹரிகேன் இன்ஜின் அப்படியே இருக்கு, பெயின்ட் உரிஞ்சு கிடக்கு, ஸ்டார்ட் ஆக பத்து நிமிஷம் ஆகுது. வின்டேஜ் பதிவுக்கு பேப்பர் சேர்த்துட்டு இருக்கான். ஜமுனாமரத்தூர் டிரைவர் அண்ணனுக்கு ஃபோட்டோ அனுப்பினான். "பிரேக் ஹோஸ் புதுசு போட்டியா தம்பி?"ன்னு மட்டும் பதில் வந்தது.

உங்க வண்டியோட ஆர்.சி.யில சந்தேகம் இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். நம்பரை மட்டும் மறைச்சு அனுப்புங்க, ப்ளீஸ்.