நெட்டில் எடுத்தால் குற்றமா? ஜெராக்ஸ் கடையை கோர்ட்டுக்கு இழுத்த 3 கம்பெனிகள்!

பெரியகுளம், பள்ளிக்கூடம் விட்ட நேரம். பஸ் நிலையம் பக்கம் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் தாங்காது.

"அண்ணே, மாம்பழத்தைப் பத்தி நெட்டுல நாலு பக்கம் எடுத்துக் குடுங்க. கலர் படம் ஒண்ணு வேணும். காலையில மிஸ் கேப்பாங்க!"

கடைக்காரர் தட்டுகிறார். படம் வருகிறது. யார் எடுத்த படம்? யார் எழுதிய கட்டுரை? பையனும் கேட்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. அட்டை போட்டு, கீழே தன் பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறான்.

இது குற்றமா?

டெல்லி கடை

இதே மாதிரி ஒரு ஜெராக்ஸ் கடை டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தது. பேராசிரியர்கள் குறித்துக் கொடுத்த பக்கங்களைப் பல புத்தகங்களில் இருந்து நகல் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து மாணவர்களுக்கு விற்றார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகிய 3 பெரிய பதிப்பகங்கள், அந்தச் சின்னக் கடை மீதும் பல்கலைக்கழகம் மீதும் 2012-ல் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டன!

மாணவர்கள் சும்மா இருப்பார்களா? சங்கம் அமைத்து அவர்களும் வழக்கில் சேர்ந்தார்கள். நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென், தன் புத்தகத்தை வெளியிட்ட பதிப்பகத்துக்கே "இப்படிச் செய்யாதீர்கள்" என்ற கருத்தில் கடிதம் எழுதினார்.

2016 செப்டம்பர் 16-ந்தேதி தீர்ப்பு. வழக்கு தள்ளுபடி! அப்பீலில் டிசம்பர் 9-ந்தேதி 2 நீதிபதிகளும், பாடம் நடத்த நகல் எடுப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது என்றார்கள். எடுத்த பக்கங்கள் பாடத்துக்குத் தேவைதானா என்பதை விசாரிக்கச் சொன்னார்கள். 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே வாபஸ் வாங்கிக்கொண்டன.

எங்கே வம்பு?

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இந்தச் சலுகையைத் தருகிறது. ஆண்டு விழாவில் பிள்ளைகள் சினிமா பாட்டுக்கு ஆடுவதும் இதில் அடக்கம். பார்ப்பவர்கள் பள்ளிக்கூடத்தாரும் பெற்றோரும்தானே! ஆனால், அதையே செல்போனில் பிடித்து யூடியூப்பில் ஏற்றினால் இந்தச் சலுகை கூட வராது.

கடைக்காரர்களும் உஷார்! முழு கைடையும் நகல் எடுத்து அடுக்கி விற்றால் வம்புதான். தெரிந்தே செய்து காசு பார்த்தால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை ஜெயில். அபராதம் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய்.

எழுதியவர் இறந்த பிறகும் 60 வருடம் உரிமை உண்டு. பாரதியார் பாட்டு என்றால் கவலை இல்லை. 1949-லேயே அரசு உரிமையை வாங்கி, பிறகு மக்களுக்குக் கொடுத்துவிட்டது. விக்கிப்பீடியா கட்டுரையையும் எடுக்கலாம்; எங்கே எடுத்தது என்று எழுத வேண்டும்.

தோப்பு இருக்கே!

நம்ம பையன் விஷயத்துக்கு வருவோம். பாட நோட்டில் ஒட்டியதற்குப் போலீஸ் வராது. அடுத்தவர் எழுத்துக்குக் கீழே தன் பெயரைப் போட்டதுதான் தப்பு. "நெட்டில் எடுத்தது" என்று ஒரு வரி, எழுதியவர் பெயர், தளத்தின் பெயர். இதை மிஸ் கேட்டு வாங்கினால் போதும்.

அது சரி, பெரியகுளத்துப் பையனுக்கு மாம்பழப் படத்துக்கு நெட் எதற்கு? ஊரைச் சுற்றி மாந்தோப்பு! வீட்டு செல்போனை வாங்கிப் போய் ஒரு படம் பிடித்தால், அந்தப் படத்தின் உரிமை முழுக்க அவனுக்கே.