ஊற்றுமுன் பொறுங்கள்: இன்ஜின் ஆயிலின் உண்மை அளவு

கோடைக்காலப் பராமரிப்பு என்றதும் ரேடியேட்டர் நீரும் டயர் காற்றும் நினைவுக்கு வரும் அளவுக்கு இன்ஜின் ஆயில் நினைவுக்கு வருவதில்லை. வந்தாலும் பெட்ரோல் பங்கில் வண்டி நின்ற சூட்டோடு குச்சியை உருவிப் பார்த்து, குறைகிறது என்று முடிவு கட்டி, அரை லிட்டரோ ஒரு லிட்டரோ ஊற்றிவிடுவதே பரவலான வழக்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் குச்சி காட்டும் அளவு உண்மை அளவைவிடக் குறைவானது என்பதும், அதை நம்பி ஊற்றும் ஆயில் இன்ஜினுக்குக் கேடாக முடியலாம் என்பதும் ஓட்டுநர்கள் கட்டாயம் அறிய வேண்டியவை.

டிப்ஸ்டிக் எனப்படும் அளவுக் குச்சி, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் ‘ஆயில் பான்’ என்ற தொட்டியின் மட்டத்தை மட்டுமே காட்டுகிறது. அதன் நுனியருகே உள்ள இரண்டு கோடுகளுக்கு இடையே விரற்கடை அளவே இடைவெளி. பல கார்களில் அந்தச் சிறு இடைவெளி ஏறத்தாழ ஒரு லிட்டரைக் குறிக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் பம்ப் இந்தத் தொட்டியிலிருந்து ஆயிலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக மேலே வால்வுகள் இருக்கும் தலைப்பகுதி வரை அனுப்புவதால், இன்ஜினை நிறுத்திய கணத்தில் கணிசமான ஆயில், சில இன்ஜின்களில் அரை லிட்டர் அளவுக்குக்கூட, கீழே இறங்காமல் மேலேயே தங்கியிருக்கும்.

சூடு இதற்கு நேர்மாறான இன்னொரு பிழையைச் சேர்க்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் ஆயிலின் கன அளவு சுமார் 0.07 விழுக்காடு பெருகும் என்பதால், 30 டிகிரி செல்சியஸில் 4 லிட்டராக இருக்கும் ஆயில் 90 டிகிரியில் ஏறத்தாழ 170 மில்லிலிட்டர் கூடுதல் இடத்தை அடைக்கும். இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட அளவில் இது ஆறில் ஒரு பங்குதான். ஆகவே சூட்டினால் வரும் பிழை சிறியது, ஆயில் இறங்கக் காத்திருக்காததால் வரும் பிழையே பெரியது.

குளிர்ந்த இன்ஜினிலும் இதே கவனம் தேவை. ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40 என்று அச்சிட்டிருப்பதில் ‘டபிள்யூ’வுக்கு முந்தைய எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மையையும், பிந்தைய எண் 100 டிகிரியில் அதன் பிசுபிசுப்பையும் குறிக்கின்றன. ஆறிய வெல்லப்பாகு பாத்திரத்தின் சுவரைவிட்டு இறங்கத் தயங்குவதுபோல், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தின் மார்கழிக் காலையில் மேலேறிய ஆயில், வேலூரின் வெயிலில் இறங்கும் வேகத்தில் இறங்காது. எனவே காலையில் இன்ஜினை முடுக்கி வண்டியை வாசலுக்கு எடுத்துவந்து, உடனே நிறுத்திக் குச்சியைப் பார்ப்பது மிக மோசமான முறையாகும். இரவு முழுவதும் சமதளத்தில் நின்ற வண்டியை முடுக்குவதற்கு முன்பே பார்ப்பதுதான் நம்பகமான முறை. சில தயாரிப்பாளர்கள் சூடான நிலையிலேயே, நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்துப் பார்க்கச் சொல்வதும் உண்டு. அத்தகைய வண்டிகளுக்குக் கையேட்டின் சொல்லே இறுதியானது.

முதலில் உருவும்போது, ஓட்டத்தில் தெறித்த ஆயில் குச்சி நெடுகப் படிந்திருக்கும். அதனால் பனியன் வேஸ்ட் கொண்டு துடைத்து, அடிவரை மீண்டும் செருகி உருவி, இரு பக்கங்களையும் பார்த்து, தாழ்வாகக் காட்டும் பக்கத்தையே அளவாகக் கொள்ள வேண்டும். இருசக்கர வாகனத்தைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும் என்பதால் நிமிர்த்தி நிறுத்துவது அவசியம். மரையுள்ள குச்சியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் வாயில் உட்கார வைத்துப் பார்ப்பதா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். பல மாடல்களில் திருகக் கூடாது.

இத்தனை கவனம் தேவைப்படுவதற்குக் காரணம், குறைந்த ஆயிலுக்கு அஞ்சுபவர்கள் மிகுந்த ஆயிலுக்கு அஞ்சுவதில்லை என்பதே. மேல்கோட்டைக் கணிசமாகத் தாண்டிய ஆயிலைச் சுழலும் கிராங்க் தண்டு அடித்துக் கலக்கி நுரையாக்கினால், காற்றுக் குமிழிகள் கலந்த அந்த ஆயிலால் போதிய அழுத்தத்தைத் தாங்க முடியாமல் பேரிங்குகள் தேய்கின்றன. இன்ஜினின் சுவாசக் குழாய் வழியே ஆயில் எரியும் அறைக்குள் புகுந்தால் நீலப்புகை கிளம்புவதோடு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பழுதாகிறது. டீசல் இன்ஜினில் நிலைமை இன்னும் கடுமையானது. உள்ளே புகுந்த ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் இன்ஜின் தறிகெட்டு ஓடக்கூடும். டேஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கு காட்டுவது அழுத்தக் குறைவைத்தானே தவிர ஆயிலின் மட்டத்தை அல்ல என்பதால், அளவு மிகுந்திருப்பதை அது முன்கூட்டி எச்சரிக்காது.

குச்சியின் மட்டம் இரண்டு கோடுகளுக்கு இடையில் இருந்தால் ஆயில் போதுமானது. மேல்கோட்டைத் தொடவைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தால் மட்டும் 200 மில்லிலிட்டர் ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி அளந்த பிறகே அடுத்த 200 மில்லிலிட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். குறைவாக ஊற்றியதைப் பிறகு ஒரு புனல் கொண்டு சரிசெய்துவிடலாம். மிகையாக ஊற்றியதை வெளியேற்றவோ வண்டியை ஒர்க்‌ஷாப்பில் ஏற்றி ஆயில் பானின் நட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.